நாற்பது கணினியும் ஒரு முந்திரிக்கொட்டையும்

கல்லூரி கணினிக்கூட உதவியாளர் மரியசூசை, பத்தாம் வகுப்பையே மூன்று படையெடுப்பில் வென்றவர். தேர்வுக்கு அரைமணி இருக்கையில், சர்வரைக் கேட்டு இயங்கத் தொடங்கும் நாற்பது கணினிகளும் எழவில்லை.

"பத்து நிமிஷத்துல எழுப்புய்யா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் துறைத்தலைவர் ஞானசிகாமணி.

கேபிள் போன வழியெல்லாம் போய்வந்த மரியசூசை கைகட்டி நின்றார்.

"இதுங்களும் என்னை மாதிரி மக்குதான் சார். எழுந்ததும் வழி கேக்கும். முதல்ல யார் பதில் சொன்னாலும் நம்பிடும். வழி தெரிஞ்ச சர்வர் வாயத் திறக்கறதுக்குள்ள, ஒண்ணும் தெரியாத ஒண்ணு முந்திக்கிட்டுச் சொல்லிடுது."

"எதுய்யா அந்த முந்திரிக்கொட்டை?"

"உங்க ரூம்ல நேத்து இதே கேபிள்ல நீங்களே மாட்டின வைஃபை பெட்டி சார்."

பெட்டியைக் கழற்றியதும் நாற்பதும் எழுந்தன. அங்கே வந்த முதல்வர், "யார் சரிபண்ணது?" என்று கேட்டார்.

மரியசூசை வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார்" என்றார் ஞானசிகாமணி.