பொன்னாடையும் ஒரு கூடைக் கரையானும்

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காட்டில் நரி வீட்டுக் கல்யாணம். இந்த முறை கிழட்டு நரியின் மகளுக்கு. பந்தல் போட்ட குரங்குக்கும் சமைக்க வந்த கரடிக்கும் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, நரி மேளத்துக்காக மரங்கொத்தியிடம் போனது.

"ஒரு கூடை கரையான் கொடுங்கள், வருகிறேன்" என்றது மரங்கொத்தி.

நரி சிரித்தது. "மரம் கொத்துவது உனக்குப் பிறவிக் குணம். அதற்குக் கூலியா? சும்மா வந்து கொத்து. ஊரே பார்க்கப் பொன்னாடை போர்த்துகிறேன்!"

"கொத்துவது பிறவிக் குணம். தாளம் பிசகாமல் கொத்துவது சாதகம்! காய்ந்த பலாமரத்தில் கொத்திக் கொத்தி என் அலகே தேய்ந்திருக்கிறது. பொன்னாடையா? என் பொந்து நிறைய அதுதான். நான் படுக்கத்தான் இடமில்லை!"

"அப்படியானால் விருந்தாளியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போ!" என்று நரி முறுக்கிக்கொண்டது. "கல்யாணத்துக்குத் தாலிதான் வேண்டும், தவில் வேண்டாம்!"

மரங்கொத்தியும் விடவில்லை. பழைய பொன்னாடை ஒன்றைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் ஜம்மென்று போய் உட்கார்ந்தது.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை நரி தாலியை எடுத்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று புரோகிதக் கொக்கு பழக்கதோஷத்தில் கத்தியது. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் ஒரு கழுதை "ஹச்!" என்று தும்மியது.

"அபசகுனம்!" என்று மாப்பிள்ளையின் அத்தை துள்ளி எழுந்தது. "தும்மல் காதில் விழக்கூடாது என்றுதானே மேளம் கொட்டுவது! மேளம் இல்லாமல் எங்கள் பையன் தாலி கட்டமாட்டான்!"

மாப்பிள்ளை வீட்டார் வாலைச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். மணப்பெண் 'ஓ'வென்று அழுதது.

கிழட்டு நரி முன்வரிசைக்கு ஓடியது. "மரங்கொத்தி ஐயா! இரண்டு கூடை தருகிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள்!"

"ஒன்று போதும். நான் கேட்டது என் வித்தைக்கு விலை, உங்கள் அவசரத்துக்கு விலை அல்ல!"

கூடை வந்தது. மரங்கொத்தி பந்தல்காலில் ஏறிக் கொட்டியது பாருங்கள், காடே அதிர்ந்தது! கழுதை மறுபடி தும்மியது. பக்கத்தில் இருந்த பன்றிக்குக்கூடக் கேட்கவில்லை. கிளம்பிய அத்தை திரும்பி வந்து தொடையில் தாளம் போட்டது. தாலி ஏறியது.

நரி அசடு வழியப் பொன்னாடையை நீட்டியது.

"அதைக் கழுதைக்குப் போர்த்துங்கள். பாவம், ஜலதோஷம்!" என்று சொல்லிவிட்டு, மரங்கொத்தி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு தலைநிமிர்ந்து பறந்தது.

கலைஞனுக்கு மரியாதை செய்ய நினைத்தால் முதலில் அவன் கூலியைக் கொடு. பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம்.