மேலாளர் ஏறி நின்ற டின்

பட்டறையில் புதிய எஃகுத் தொட்டி தயாராகிவிட்டது. உள்ளிருக்கும் காற்றை முழுதும் உறிஞ்சினாலும் அது தாங்கும் என்று கையெழுத்துப் போட வெல்டர் சவரியம்மாள் மறுத்தாள்.

"சோதனையில உள்ளே அவ்வளவு அழுத்தம் கொடுத்தும் வெடிக்கலை. வெற்றிடத்துக்கா பயப்படும்? போடு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்றார் மேலாளர் தணிகாசலம்.

"போடுறேன் சார். முதல்ல இந்தக் காலி எண்ணெய் டின் மேல ஏறி நில்லுங்க."

நின்றார். டின் அசையவில்லை. "பார்த்தியா!" என்று இறங்கினார்.

சவரியம்மாள் டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தாள். ஆவி பொங்கியதும் இறக்கி, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். டின் டமாரென்று நசுங்கியது.

"யார் நசுக்கினது?"

"உள்ளே ஆவி அடங்கி வெற்றிடமாச்சு. வெளிக்காற்று நசுக்கிடுச்சு சார். தொட்டியைச் சுற்றியும் அதே காற்றுதான்."

தணிகாசலம் தொட்டியை விட்டு நாலடி தள்ளிப் போனார். "சுற்றிலும் இரும்பு வளையம் வச்சுப் பலப்படுத்தும்மா. கையெழுத்து அப்புறம் போட்டா போதும்."