தலையில்லாத ஓலை

ஒரு குழந்தையின் இடது கன்னத்தில், தோலுக்குச் சற்று உள்ளே, ஓர் உயிரணு இருந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த வீட்டில் மரபணுக்கள் குடியிருந்தன. அவர்கள் ஓலை எழுதி அனுப்புவார்கள். கூடத்துத் தச்சர்கள் அதைப் படித்து, எழுதியபடி செய்வார்கள்.

அவர்களில் ஒருத்தி போதும்பொண்ணு. வீடு வேண்டிய அளவு வளர்ந்ததும் "போதும், நில்" என்று ஓலை விடுவது அவள் வேலை. அந்த ஓலை வராவிட்டால் வீடு பெருகும். பெருகிப் பெருகிக் கடைசியில் குழந்தையையே தின்றுவிடும்.

அவளுக்கு அப்படிப் பெயர் வைத்த பிறகும், அச்சடித்தாற்போல் ஒரு தங்கை பிறந்துவிட்டாள். அவளுக்கு வேண்டா என்று பெயர். அவளும் எழுதுவாள், அக்காள் எழுத்தைப் போலவே. ஆனால் முதல் சொல் மட்டும் விழுந்துபோகும். முதல் சொல் இல்லாமல் எங்கே தொடங்குவதென்று தச்சர்களுக்குத் தெரியாது, ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

"ஏன்டி வேண்டா, இன்னிக்கும் மொட்டை ஓலைதானா?" என்று அடுத்த வாசல் வளர்த்தி சிரிப்பாள். வீட்டை வளரச் சொல்பவள் அவள். "அக்காளைப் பார்த்து காப்பி அடிக்கத் தெரியுது, தொடங்க மட்டும் தெரியலையாக்கும்!"

"வந்த வரைக்கும் எழுதுறேன்க்கா," என்பாள் வேண்டா.

ஒருநாள் வளர்த்தி பூட்டுக்காரனைக் கூப்பிட்டாள். "அண்ணே, உதவாத ஓலைக்கு எதுக்கு ஒரு வாசல்? அடைச்சிடுங்க."

போதும்பொண்ணு தடுக்கவில்லை. தங்கையைப் பார்த்து ஊர் சிரிப்பது அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பூட்டு விழுந்தது.

அதன்பிறகு போதும்பொண்ணின் ஓலை ஒன்றுகூடக் கூடம் சேரவில்லை. எழுத எழுத, வழியிலேயே சின்னக் கத்தரிகள் அவற்றைத் துண்டாக்கின.

"பாவிகளா, ஏன் என் ஓலையையே வெட்டுறீங்க?"

"கோபப்படாதீங்கம்மா," என்றது ஒரு கத்தரி. "ஓலை மிஞ்சாம நறுக்குறது எங்க வேலை. நாங்க வாலைப் பார்த்து வெட்டுவோம், தலையைப் பார்க்க மாட்டோம். உங்க ஓலைக்கும் தங்கச்சி ஓலைக்கும் வால் ஒண்ணுதானே? இத்தனை நாளும் எங்கள்ல பாதிப் பேர் அங்கேயே பசியாறிக்கிட்டோம். இப்ப அந்த வாசலை அடைச்சாச்சு, எல்லாரும் இங்கேதான்."

இதற்குள் சுவர்கள் உப்பத் தொடங்கிவிட்டன. தச்சர்கள் இரண்டாவது வீட்டுக்கு நிலைவாசல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே?" என்றார்கள்.

வளர்த்தி வாசலுக்கு ஓடிவந்தாள். "ஐயோ, எனக்கு வளரச் சொல்லத்தான் தெரியும். நிறுத்தத் தெரியாதே!"

போதும்பொண்ணு அலறினாள். "அண்ணே, என் தங்கச்சி வாசலைத் திறங்க!"

பூட்டு திறந்தது. வேண்டா தயங்கினாள். "என் ஓலையை யாருக்கா படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க வேணாம்டி. நீ எழுது."

அவள் எழுதினாள். வெட்டுப்படப் போகும் ஓலையை எத்தனை அழகாக எழுதினாள்! தலையில்லாத ஓலைகள் வீதியில் இறங்கின. கத்தரிகள் அவற்றை மொய்த்தன. அந்த நெரிசலுக்கு நடுவே அக்காளின் ஓலை ஒன்று, ஒரு கீறலும் இல்லாமல், நழுவிக் கூடம் போய்ச் சேர்ந்தது.

தச்சர்கள் உளியைக் கீழே வைத்தார்கள்.

வெளியே, குழந்தையைக் குளிப்பாட்டி முடித்த தாய், மையைத் தொட்டு அந்த இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "படுற கண்ணெல்லாம் இதுமேலேயே படட்டும், என் தங்கமே."

உள்ளே, வேண்டா அடுத்த ஓலையை அனுப்பினாள்.