ஒச்சப்பன் மறந்த கவலை

பொட்டல்பட்டியில் மழையும் புத்தியும் ஒன்றுதான். எப்போதாவது எட்டிப்பார்க்கும், பார்த்ததும் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்த ஊரில் மழையை நம்பி வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒச்சப்பன். அவன் மனைவி பவுனுத்தாயி, வாய்க்கால் பாயும் மடைப்புதூர்க்காரி. ஒருநாள் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எங்கூர்ச் சம்சாரிக எம்புட்டுச் சந்தோசமா இருக்காக! நீ விடிஞ்சா வானத்தப் பாத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற. என்னைக்குச் சந்தோசமா இருக்கியோ அன்னைக்கு வாரேன்."

அவள் இல்லாமல் ஒச்சப்பனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. கூட்டாளிகள் மொக்கையனையும் சீனியையும் கூட்டிக்கொண்டு மாமனாரிடமே யோசனை கேட்கப் போனான். வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த அவர் நிமிராமலே சொன்னார்: "காலு சேத்துல, கையி சோத்துல. கவலைய அன்னன்னைக்கே மறந்துரணும். அம்புட்டுத்தான் மாப்ளே."

ஊர் திரும்பியதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"சேத்துக்கு எங்கடா போறது?"

"குடிக்கிற தண்ணி இருக்குல்ல?"

வீட்டிலிருந்த குடிதண்ணீர் அத்தனையும் முற்றத்தில் கொட்டி மிதித்தார்கள். நடுவில் சோற்றுப்பானையை வைத்து ஆளுக்கொரு கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்கள். நேரம் போனது. பசி வந்தது.

"சாப்பிடலாமா?" என்றான் சீனி.

"கையி சோத்துலன்னாரு. வாயிலன்னா சொன்னாரு?" என்று மொக்கையன் அதட்டினான். சீனிக்கு வெட்கமாகிவிட்டது.

"தாகமா வேற இருக்குடா. தண்ணி இல்லங்கிற கவலை புதுசா வந்திருச்சே!"

"வரட்டும். மறக்கிறதுக்குக் கைவசம் நாலு கவலை வேணாமா?"

மறக்கும் வேலை தொடங்கியது. மேற்பார்வை மொக்கையன்.

"ஒச்சப்பா, பொண்டாட்டி போனத மறந்துட்டியா?"

"மறந்துட்டுத்தான் இருந்தேன். நீ கேட்டதும் வந்திருச்சு."

"சரி, திரும்ப மற. மறந்ததும் சொல்லு."

"எத மறந்ததும்?"

"பொண்டாட்டி போனத."

"அட, மறுபடியும் வந்திருச்சே!"

மொக்கையன் தொண்டை கட்டிப் பேச்சு நின்ற பிறகுதான் காரியம் கைகூடியது. மறுநாள் காலையில் ஒச்சப்பன் எல்லாவற்றையும் மறந்து, சேற்றில் நின்றபடி பல்லெல்லாம் தெரிய இளித்தான்.

அந்த நேரம் பார்த்துப் பவுனுத்தாயி வந்தாள். தனக்காகப் புருசன் அவ்வளவு தூரம் நடந்து வந்ததை அப்பன் சொல்லக் கேட்டு அவள் மனசு இளகிப்போயிருந்தது.

"யோவ், நான் வந்துட்டேன்யா."

ஒச்சப்பன் முகம் தொங்கிப்போனது. "அடிப்பாவி! நீ போன கவலைய இப்பத்தான் படாதபாடு பட்டு மறந்தேன். வந்து ஞாபகப்படுத்திட்டியே! போ, போ. திரும்ப மறந்ததும் ஆள் விடுறேன், அப்ப வா."

"மறந்துட்டா எப்படிடா ஆள் விடுவ?" என்றான் சீனி.

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மொக்கையன் கட்டிய தொண்டையால் கரகரத்தான். "அதுக்கென்ன? தாயி, நீ தெனமும் காலையில இங்க வந்து, 'நான் போயிட்டேன், மறந்துட்டியா'ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிரு."

ஒச்சப்பனுக்கு நன்றியில் கண் கலங்கிவிட்டது. பானையிலிருந்து கையை எடுக்காமலே அவளைப் பார்த்துச் சொன்னான்: "மறந்துராத, என்ன?"