ஞமலி தன் பேரை உதிர்த்த கதை

கிறீச்... கிறீச்... என்று முதலில் அச்சின் சத்தம்தான் கேட்கும். அப்புறம் மேட்டுக்கு மேலே மூட்டை தெரியும். வண்டி கடைசியில்தான். விலங்குகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், உப்பு விற்கும் உமணர்கள் ஊருக்குள் வந்தது இப்படித்தான்.

கொற்றன் என்ற உமணனின் வண்டிக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு ஞமலி நடந்துவரும். ஞமலி என்றால் வேறொன்றுமில்லை, நாய்தான். அன்றைக்கு அதற்கு அதுதான் பேர். அந்தப் பேரில் அதற்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. "நமலி, இங்கே வா" என்று யாராவது கூப்பிட்டால் அசையாது. "மூக்காலே சொல்லுங்கள். ஞ... ஞமலி" என்று திருத்தும். சோறு ஆறினாலும் சரி, பேரை ஒழுங்காகச் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கும்.

வெறும் கர்வம் என்றும் சொல்லிவிட முடியாது. அன்றைய வழக்கம் அப்படி. ஓர் உயிருக்கு ஒரே பேர். வேறு எந்தக் கூப்பாட்டுக்காவது எழுந்து போனால், பழுத்த இலை மாதிரி அந்தப் பேர் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை எந்த நாக்கும் திரும்ப எடுக்காது.

ஒருநாள் உச்சிப்பொழுதில், ஆற்றங்கரை ஏற்றத்தில் அச்சு விரிசல் விட்டது. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீருக்கு விட்டார்கள்.

"நேற்றே சொன்னேன், அச்சு முனகுகிறது என்று" என்றாள் கொற்றனின் மனைவி அலரி.

"நீ எதைத்தான் சொல்லவில்லை? மழை வரும் என்றாய். வந்ததா?"

"வந்திருந்தால் உப்போடு நீயும் கரைந்திருப்பாய். எனக்கும் நிம்மதி."

வண்டிக்கடியில் கட்டியிருந்த மாற்று அச்சை அவிழ்க்க அவள் உள்ளே புகுந்தாள். அவளுக்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்த மும்முரத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கக் கொற்றன் மறந்துபோனான்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பாய்ந்து இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தான். அந்த ஆட்டத்தில் மூட்டைகளைக் கட்டிய கயிறு அவிழ்ந்து ஓடியது. முனையைப் பல்லால் கவ்வினான். கையை விட்டால் சக்கரம் அலரி மேல் ஏறும். வாயைத் திறந்தால் உப்பு மூட்டையெல்லாம் சரிந்து அவளை மூடும். பாதி அவிழ்ந்த மாற்று அச்சு மார்பை அழுத்த, அவளுக்கோ மூச்சே வரவில்லை. ஞமலியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளாலும் முடியாது.

மேட்டில் ஞமலி படுத்திருந்தது. முட்டுக்கட்டை அதன் மூக்குக்கு நேரே கிடந்தது.

"ச்சு... ச்சு..." என்றான் கொற்றன். கயிறு கவ்விய பல்லிடுக்கில் அவ்வளவுதான் வந்தது.

ஞமலி எழுந்தது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" பக்கத்தில் சுருண்டிருந்த பூனை கண்ணைத் திறக்காமலே கேட்டது. "அது உன் பேரா?"

"இல்லை."

"பின்னே உட்கார். கயிற்றை எடுத்துவிட்டு முறையாகக் கூப்பிடட்டும்."

"எடுத்தால் அலரி செத்துப்போவாளே."

"அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீயாகவே போயிருக்கலாம். கூப்பிட்டுத் தொலைத்துவிட்டானே! இப்போது போனால் பேர் போச்சு. அப்புறம் தெருவில் போகிறவனெல்லாம் உனக்கு ஒரு பேர் வைப்பான். சம்மதமா?"

"ச்சு..." சத்தம் தேய்ந்து வந்தது. சக்கரம் ஒரு விரல்கடை பின்னால் போனது.

ஞமலி ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் பேரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தது. மூக்கால், முழுசாக. பிறகு முட்டுக்கட்டையைக் கவ்விக்கொண்டு சரிவில் பாய்ந்தது. சக்கரத்துக்கடியில் அதைத் திணித்து, நெற்றியால் முட்டித் தள்ளியது. வண்டி நின்றது.

கயிற்றைக் கட்டி, வண்டியைத் தூக்கிப் பிடித்தான் கொற்றன். தலையெல்லாம் புழுதியாக அலரி தவழ்ந்து வெளியே வந்தாள். இருமி முடித்ததும் முதல் வேலையாக, "எங்கே அந்த... அந்த..." என்று தேடினாள். நாக்கு துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கொற்றனைப் பார்த்தாள். அவனும் விழித்தான். இரண்டு பேரும் நாயைப் பார்த்தார்கள்.

"என்னைப் பார்த்தால்? எனக்கும்தான் தெரியவில்லை" என்றது நாய். வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"சொன்னேனே!" என்றது பூனை.

"உன்னை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது?" அதன் நெற்றிப் புழுதியைத் துடைத்தபடி அலரி கேட்டாள்.

"வாயில் வருவதைச் சொல். சோறு வைக்கும்போது சொன்னால் போதும்."

அன்று முதல்தான் நாய், மணி என்றாலும் வருகிறது, டைகர் என்றாலும் வருகிறது, பேரே சொல்லாமல் ச்சு ச்சு என்றாலும் ஓடிவருகிறது. பூனையை எப்படிக் கூப்பிட்டாலும் காதை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. முன்பே பழம்பாட்டில் ஏறிவிட்டதால் ஞமலி என்ற சொல் அங்கே மட்டும் தங்கிவிட்டது. இன்று தெருவில் நின்று அதைக் கூவினால் ஒரு நாயும் திரும்பாது.

அன்றைக்கு முட்டுக்கட்டையை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொற்றன் மாற்று அச்சைப் பூட்டினான். அலரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டி ஆடியதில் சிந்திய உப்பை மண் படாமல் மேலாக அள்ள உட்கார்ந்தாள்.