மயிலாத்தாளின் ஒப்பு

தெய்வசிகாமணிக்கு மூன்று நாளாக வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. அதுதான் அவருடைய கஷ்டம்.

நான்காம் நாள், புதன்கிழமை காலை, அவர் சிங்காநல்லூரில் இருக்கும் ஒரு மாவு மில்லுக்குப் போனார். மில்லின் சொந்தக்காரி கோதைநாயகி. வயது நாற்பத்திரண்டு. ஞாயிறு காலைகளில் மில்லை மூடிவிட்டு, மாடி அறையில் ஒன்பது பேருக்குத் தருக்கம் சொல்லிக்கொடுப்பவர். தருக்கத்தை ஒரு மடத்தில் பன்னிரண்டு ஆண்டு படித்தார்; மிளகாய் அரைப்பதை மாமியாரிடம் ஓராண்டு படித்தார். இரண்டாவதுதான் கடினம் என்பார்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்தாறு வயது. வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்துநான்கு வயது இளையவரை அவர் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு வாதத்தில் முழுதாகத் தோற்றார், கூச்சம் போய்விட்டது.

"இன்னிக்கு ஞாயிறு இல்லீங்களே," என்றார் கோதைநாயகி, கேழ்வரகைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே.

"தெரியும்மா. ஒரு சந்தேகம். ஞாயிறு வரைக்கும் தாங்காது."

"மெஷின் ஓடுது. சத்தமாச் சொல்லுங்க."

அவருடைய சந்தேகம் புரிய, வகுப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே யாரும் தன் கட்சியை எடுத்தவுடன் பேச முடியாது. முதலில் எதிராளியின் கட்சியைப் பேசவேண்டும். அதற்குப் பரபக்கம் என்று பெயர். சும்மா பேசினால் போதாது. எதிராளி கேட்டுவிட்டு, "ஆமாம், நான் சொல்லவந்தது இதுதான்" என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லுக்கு ஒப்பு என்று பெயர். ஒப்பு கிடைத்த பிறகுதான் சுபக்கம், அதாவது தன் கட்சி. கிடைக்காவிட்டால் உட்கார்ந்துவிடவேண்டும். ஒரு சைக்கிள் கடைக்காரர், கடவுள் இல்லை என்பவரின் பரபக்கத்தை ஆறு வாரம் பேசி ஒப்பு வாங்கினார். ஏழாவது வாரம் கோவிலுக்குப் போகவில்லை. தெய்வசிகாமணிக்குத் தம் முதல் ஒப்பை வாங்க இரண்டு ஆண்டு ஆயிற்று. அதை அவர் முனைவர் பட்டத்துக்கும் மேலே வைத்திருந்தார்.

அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் நூற்று நாற்பது வீடுகள். வாசலுக்கு ஒரு செயலி வாங்கியிருந்தார்கள். வீட்டுவேலைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் அதில் நட்சத்திரம் போடலாம். நட்சத்திரம் என்றால் நம் பஞ்சாங்கத்துக்கு இருபத்தேழு வேண்டியிருக்கிறது. செயலிக்கு ஐந்து போதும். சராசரி மூன்றுக்குக் கீழே போகிறவருக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாசல் கதவு திறக்காது என்று சங்கம் தீர்மானம் கொண்டுவந்தது. அப்படிப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் மயிலாத்தாள். பதினோரு வருஷமாக அந்த அடுக்ககத்தில் எட்டு வீட்டு வேலை. தெய்வசிகாமணி வீட்டில் ஒன்பது வருஷம்.

"அந்தத் தீர்மானத்தை எதிர்க்கத்தான்மா எழுந்தேன்."

"சரி."

"நம்ம முறைப்படி, முதல்ல அவங்க கட்சியைச் சொன்னேன்."

"சரி."

"பன்னிரண்டு நிமிஷம். முடிஞ்சதும் தலைவர் கிருபாகரன், 'எல்லாருக்கும் இது ஒப்புதலா?'ன்னு கேட்டார். அத்தனை கையும் மேலே போச்சு. நான் பூரிச்சுப் போய் நின்னேன். ஒரே நேரத்துல நூறு ஒப்பு! நம்ம வகுப்புல யாரும் வாங்கினதில்லை. சுபக்கத்துக்குத் தொண்டையைச் சரிபண்றதுக்குள்ள, தீர்மானம் நிறைவேறியதுன்னு சொல்லிட்டார்."

கோதைநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்கம்மா. நான் கையை ஆட்டி, 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு'ங்கறேன். அவங்க போண்டா தட்டை நீட்டறாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு."

"அப்புறம்?"

"என் பேச்சையே தட்டச்சு பண்ணி, தீர்மானத்துக்கு முன்னுரையாச் சேர்த்துட்டாங்க. மூணு நாளா வாட்ஸப்புல கும்பிடு. வர்ற சனிக்கிழமை முதல் தேதி. மயிலாத்தாளுக்கு ரெண்டு புள்ளி எட்டு ஏழு. கதவு திறக்காது. எட்டு வீடும் ஒரே நாள்ல போயிடும். என் கேள்வி இதுதான்: இந்த முறை மாடி அறைக்கு மட்டும்தானா? வெளியே போனா நம்ம கட்சியைத்தான் முதல்ல பேசணுமா?"

கோதைநாயகி இயந்திரத்தை நிறுத்தினார். கேழ்வரகுக்காகக் காத்திருந்த பெண் ஒருத்தி பையோடு அருகில் வந்து நின்றாள்.

"அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைச் சுருக்கமாச் சொல்லுங்க பாக்கலாம்."

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ளே வர்றவங்க யாருன்னு தெரிஞ்சுக்கறது வீட்டுக்காரரோட உரிமை. ஆட்டோக்காரருக்குப் போடறோம், டாக்டருக்குப் போடறோம், தபால்ல வந்த தலையணைக்குக்கூடப் போடறோம். மதிப்பெண் வாங்கறது அவமானம்னா, பரீட்சை எழுதினவங்க எல்லாரும் அவமானப்பட்டவங்க. ஒழுங்கா வேலை செய்யறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. யாரோ ஒருத்தருக்கு முகம் பிடிக்கலைங்கறதுக்காக அவங்களை நிறுத்த முடியாது. எண் பேசும்."

"நல்லாப் பேசறாருங்க," என்றாள் கேழ்வரகுப் பெண். "எங்க வீதிக்கும் இதைக் கொண்டாரலாம்."

"இப்ப உங்க கட்சி."

"மனிதன் தன்னளவிலேயே முழுமையான மதிப்புடையவன், பிறருடைய நோக்கத்துக்குக் கருவி அல்லன். அவனை ஓர் எண்ணாகச் சுருக்குவது, அவனுடைய மாண்பை..."

"மாவு ஆயிருச்சுங்களா?" என்று அந்தப் பெண் கோதைநாயகியைக் கேட்டாள்.

அவள் மாவை வாங்கிக்கொண்டு போனாள்.

"இதைத் தயார் பண்ண எத்தனை நாள் ஆச்சுங்க?"

"மூணு வாரம்மா. நாலு நூல் பார்த்தேன்."

"ஒப்பு வாங்கினீங்களா?"

"சுபக்கத்துக்கு எதுக்கும்மா ஒப்பு? அது என் கட்சி."

"உங்களுக்கு அந்த வாசல்ல எத்தனை நட்சத்திரம்?"

"எனக்கா? எனக்கு யாரு போடுவா?"

கோதைநாயகி அடுத்த தூக்கைத் திறந்து பார்த்தார். கம்பு. "போய் ஒப்பு வாங்கிட்டு வாங்க," என்றார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை. மயிலாத்தாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி சமையலறை வாசலில் போய் நின்றார். அங்கே அவர் நிற்பது அபூர்வம் என்பதால், "காபி வேணுங்களா சார்?" என்றார் மயிலாத்தாள்.

"இல்லை. உன் பக்கத்து நியாயத்தை நான் சொல்றேன். சரியா இருக்கான்னு சொல்லு."

"எதுக்குங்க?"

"சொல்லேன்."

"சரி, சொல்லுங்க."

"நீ ஏழை. இந்த வேலை போனால் குடும்பம் தவிக்கும். அதனால சங்கம் இரக்கம் காட்டணும்."

"இல்லீங்க."

"இல்லையா?"

"இரக்கத்துக்கெல்லாம் நான் போறதில்லீங்க. மேட்டுல கட்டியிருக்கற புது அபார்ட்மெண்டுல மூணு பேரு கூப்பிடறாங்க."

தெய்வசிகாமணி தாடையைத் தடவினார். "சரி. மனித மாண்பு..."

"அது யாருங்க?"

உள்ளேயிருந்து அவர் மனைவி லோகநாயகி சிரிக்கும் சத்தம் கேட்டது. "அவளுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு, விடுங்க."

"ஒரு நிமிஷம். மயிலாத்தா, இப்படிச் சொல்லலாமா: ஒண்ணு போட்டவங்க அநியாயமாப் போட்டிருக்காங்க. பொங்கல் அன்னிக்கு நீ வரலைன்னு ஒரு வீடு. அஞ்சாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஏறித் துடைக்கமாட்டேன்னதுக்கு ஒரு வீடு. அதையெல்லாம் எடுத்துட்டா சராசரி சரியாயிடும்."

"அதுவும் இல்லீங்க." மயிலாத்தாள் குழாயை மூடினார். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு போட்டவங்க பரவால்லீங்க. அவங்களுக்குக் கோவம், போட்டாங்க. நீங்க நாலு போட்டிருக்கீங்க. ஒண்ணு எதுக்குங்க பிடிச்சு வெச்சீங்க?"



"நான்... யாருக்குமே முழு மதிப்பெண் போட்டதில்லை. முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல ஒருத்தருக்கும் போட்டதில்லை."

"சரிங்க."

பேராசிரியரின் மனம் தானாகவே கூட்டிப் பார்த்தது. எட்டு வீடு. மொத்தம் இருபத்துமூன்று. இன்னும் ஒன்று சேர்ந்தால் இருபத்துநான்கு. சராசரி மூன்று. அவர் வேகமாகச் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"இப்பவே அஞ்சாக்கிடறேன். மூணு வந்துடும். சனிக்கிழமை கதவு திறக்கும். முடிஞ்சது!"

"வேண்டாங்க."

"ஏன்?"

"மத்தப் பதினோரு பேருக்கு?" என்றார் மயிலாத்தாள். "அதுவும் போக, எம்பேருக்குத் தொறக்கற கதவுன்னா வர்றேங்க. உங்க வெரலுக்குத் தொறக்கற கதவு எனக்கு வேண்டாம்."

கைபேசி அவர் கையில் சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்தது.

"அப்ப நீயே சொல்லு," என்றார் தெய்வசிகாமணி. "நான் கேட்டுக்கறேன்." பக்கத்தில் இருந்த அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

மயிலாத்தாள் அவரைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், மழை வருமா வராதா என்பது போல.

"எட்டு வீட்டுக்குப் போறேங்க. எந்த வீட்டுல புருசன் பொண்டாட்டி பேசி மாசமாச்சுன்னு தெரியும். யாரு வேலை போனதை வீட்டுல சொல்லாம, தினம் பையை மாட்டிட்டுப் போயி பார்க்குல உக்காந்துட்டு வர்றாங்கன்னு தெரியும். எந்தப் பாட்டியைப் பாத்துப் பேரன் கத்தறான்னு தெரியும். பதினோரு வருசத்துல ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுல இறக்கினதில்லீங்க. அம்மாவும் கேட்டுப் பாத்துட்டாங்க. கேளுங்க அவங்களை."

உள்ளே லோகநாயகி இருமினார்.

"அதுக்கு அந்தப் போன்ல எங்கீங்க இடம்? பாத்திரம் பளபளன்னு இருக்கான்னு கேக்குது, நேரத்துக்கு வந்தாளான்னு கேக்குது. நானும் வீட்டுக்கு வீடு போட்டுத்தானுங்க வெச்சிருக்கேன், மனசுல. இங்கயே மூணு வீட்டை நான் நிறுத்தியிருக்கேன், இனி வரமாட்டேன்னு. எதுக்கு நிறுத்தினேன்னு வாசல்ல எழுதி ஒட்டினேனுங்களா?"

தெய்வசிகாமணி அதைத் திருப்பிச் சொன்னார். மயிலாத்தாள் தலையை ஆட்டினார், இல்லை என்று. "பாவம்னு ஒரு வார்த்தை சேத்தீங்க. அதை எடுங்க." எடுத்துவிட்டு மறுபடி சொன்னார்.

"ஆமாங்க," என்றார் மயிலாத்தாள். "அதேதான்." தூக்குப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து வீட்டுக் கையெழுத்து வேண்டும். தெய்வசிகாமணி வீடு வீடாக ஏறினார். வாழ்த்துச் சொன்ன வாய்களே, "நீங்க பேசித்தானே சார் நிறைவேறுச்சு?" என்று கேட்டன. பத்தாவது கையெழுத்தை லிஃப்டில் வாங்கினார். அந்த மனிதர் தம் தளத்தில் இறங்கும் அவசரத்தில் படிக்காமல் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் கூடியது. கிருபாகரன் கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னிக்கும் பன்னிரண்டு நிமிஷமா, புரொபசர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தெய்வசிகாமணி நூல்களை மேற்கோள் காட்டவில்லை. மயிலாத்தாள் சொன்னதை, சொன்ன வரிசையில், சொன்னார். பேசாத புருஷன் பொண்டாட்டி என்றபோது சிரிப்பு நின்றது. பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வருபவர் என்றபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இதென்ன, மிரட்டறீங்களா?" என்று கிருபாகரன் எழுந்தார். "யார் வீடு அது?"

"தெரியாது. எந்த வீடுன்னு அவங்க சொல்லலை. சொல்லமாட்டாங்க. ஒன்பது வருஷமா என் வீட்டு விஷயமும் அவங்க கையிலதான் இருக்கு."

"மூணு வீட்டை நிறுத்தினதாச் சொன்னீங்களே, எந்த மூணு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். கொஞ்சம் பதற்றமாகவே கேட்டது.

"அதையும் சொல்லலைங்க."



"நான் நாலு போட்டவன்," என்றார் தெய்வசிகாமணி. "அஞ்சு போட்டிருந்தா இந்தக் கூட்டம் தேவைப்பட்டிருக்காது. ஏன் போடலைன்னு அவங்க கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை." உட்கார்ந்துவிட்டார். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

யாரும் கை தட்டவில்லை. தீர்மானத்தைத் திரும்பப் பெற அறுபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று ஐம்பத்தொன்று. போண்டா மீந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாசல் கதவு மயிலாத்தாளுக்குத் திறந்தது. எப்போதும் போலத்தான் நடந்து வந்தார். அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக நடந்ததாகத் தெய்வசிகாமணிக்கு மாடியிலிருந்து தோன்றியது.

ஞாயிறன்று வகுப்பில் அவர் நடந்ததைச் சொன்னார். மூன்று வீட்டுக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸப்பில் ஒரு கும்பிடுகூட இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாணவன் பரிசைக் காட்டும் பெருமை இருந்தது; முன்வரிசையில் சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரலைம்மா," என்றார் தெய்வசிகாமணி. "முதல் கூட்டத்துல நான் முறையை ஒரு இம்மிகூட மீறலை. அப்படியும் தப்பாப் போச்சு. முறையிலதான் ஏதோ குறை இருக்கணும்."



"அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு எத்தனை நாள் தயார் பண்ணினீங்க?" என்று கேட்டார் கோதைநாயகி.

"அதுக்கு எதுக்கும்மா தயாரிப்பு? தானா வந்துச்சு."

"எங்கேயாவது தடுக்குச்சா?"

"ஒரு இடத்துலகூட இல்லை."

"மயிலாத்தா கட்சி?"

"அஞ்சு தடவை உட்காரவெச்சுட்டாங்க."

"முறையை மீறினது நீங்கதானுங்க," என்றார் கோதைநாயகி. "முதல் கூட்டத்துல உங்க கட்சியைத்தான் முதல்ல பேசினீங்க."