ஒன்றரை மணி நேரத்தில் சென்னை

"அம்மா, இன்னைக்கு விமானம் ஏறலாமா?"

உப்பளக்காரர் பட்டுமுத்து கேட்டார்.

தூத்துக்குடியில் ஒரு பஞ்சாயத்து என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருகிற மனுஷர். இன்றைக்குத் தன்னைவிட இருபது வயது இளைய குருவின் முன்னால், நனைந்த கோழியாய் ஒடுங்கிக் கிடந்தார்.

குரு சிவகாமி அம்மா தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன விஷயம்?"

"மகன் சென்னையில ஆஸ்பத்திரியில கிடக்கான். லாரி மோதிட்டு. விடியக்காலம் ஆபரேஷன். பிழைக்கிறது கடவுள் செயல்ங்காங்க."

"அப்போ ஏறுங்க."

"செவ்வாக்கிழமைம்மா. வடக்கே சூலம்."

அம்மா எழுந்துபோய் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து நீட்டினாள். வடக்குச் சூலத்துக்குப் பால்தானே பரிகாரம்! பட்டுமுத்து ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன?"

"ஆகாசத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"தரையில எவ்வளவு தூரம்?"

"அறுநூறு கிலோமீட்டர். ரயில்ல ராத்திரி பூரா ஆகும்." சொல்லும்போதே அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "ரயில்லயே போயிரட்டுமா?"

"அதுக்குள்ள அவனை உள்ள கொண்டு போயிருவாங்களே."

"ஆமா."

"விமானம்னா?"

"ஒன்றரை மணி நேரம்." உதடு உலர்ந்துபோயிற்று.

அம்மா அவரையே பார்த்தாள்.

"விமானம் விழுந்துரும்னு உங்களுக்குப் பயமில்லை."

அவ்வளவுதான். மனுஷர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"ஒன்றரை மணி நேரம் பத்தாதும்மா! அவன்கூடப் பேசி ஒன்பது வருஷமாச்சு. இஷ்டத்துக்குக் கல்யாணம் முடிச்சிட்டான்னு, மாலையும் கழுத்துமா வந்தவனை வாசல்லயே வச்சு விரட்டுனேன். இப்போ என்னத்தச் சொல்லி அவன் முகத்துல முழிப்பேன்? ரயில்னா ஒரு ராத்திரி இருக்கு. யோசிச்சிக்கிட்டே போவேன்."

"ஒன்பது வருஷத்துல கிடைக்காத சொல்லு, ஒரு ராத்திரியில கிடைக்குமோ?"

பட்டுமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கீரையை ஒதுக்கினாள். பாயை உதறிப் போட்டுப் படுத்தாள். ஒரு வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"விமானம் இறங்கிட்டு. உங்க மகன் கட்டில் இதுதான். பேசுங்க."

பட்டுமுத்து பாயருகே குனிந்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

போர்வை மெல்ல மேலே ஏறியது. தாடையை மூடியது.

"அம்மா, விளையாடாதீங்க..."

மூக்கை மூடியது. நெற்றியையும் மூடிவிட்டது.

"எய்யா!"

பாய்ந்து விழுந்து போர்வையைப் பிடித்தார்.

"எய்யா, அப்பா வந்துட்டேன்யா! கண்ணைத் திறந்து பாருய்யா!"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இங்க எதுக்குச் சொல்லுதீங்க?"